சிலந்தி வலையும் கருவிதானே?

நுண்ணோக்கி:
கருவி செய்யும் விலங்கு என்றாலே 1960இல் தான்சானியாவின் கோம்பே காட்டில் விலங்கு ஆய்வாளர் ஜேன் குட்டால் கண்ட சிம்பன்சிதான் பேச்சில் வரும். இலைகளை உருவிய குச்சியைப் புற்றுக்குள் விட்டு, அதைக் கவ்விய கரையான்களைத் தின்ற சிம்பன்சி. சிலந்தியை யாரும் சேர்ப்பதில்லை. டைனோபிஸ் என்ற சிலந்தி தபால்தலை அளவுக்கு ஒரு வலை பின்னி, அதை முன்கால்களில் பிடித்தபடி தலைகீழாகத் தொங்கும். கீழே பூச்சி நடந்து வந்தால் வலையை விரித்து அதன்மேல் அமுக்கிவிடும். ஏந்திப் பிடித்து வீசுகிற பொருள் கருவி இல்லையா?

கரிச்சான்:
உடன்பாடில்லை. அந்த நூல் அதன் வயிற்றுச் சுரப்பியில் ஊறும் புரதம். குஞ்சுகூட யாரும் கற்றுத்தராமல் வலை பின்னிவிடும். பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் காகம் சுற்றிக் கிடப்பதில் தோதான கிளையைத் தேர்ந்து, கழித்து, முனையைக் கொக்கியாக்குகிறது. தேர்வும் திருத்தமும் இருந்தால்தான் கருவி.

நுண்ணோக்கி:
கற்றுத்தருவதை அளவுகோலாக வைத்தால் உங்கள் காகமே தப்பாது. மனிதர்கள் கையால் வளர்த்த குஞ்சுகள், வேறு காகம் செய்வதைப் பார்க்காமலே குச்சியால் இரை தோண்டின. 2005இல் வெளியான ஆய்வு. திருத்தமா? 1973இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்குப் போன அரபெல்லா என்ற சிலந்தியின் முதல் வலை தாறுமாறு. எடையற்ற நிலையிலேயே அடுத்தடுத்து ஒழுங்கான வலைகளைப் பின்னியது. எனக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

இலைக்கூடு:
குறுக்கிடுகிறேன். தையல் எறும்பையும் பாருங்கள். வேலைக்கார எறும்பு தன் இனத்துப் புழுவைத் தாடையில் கவ்வி, இலை விளிம்புகளுக்கிடையே அங்குமிங்கும் நகர்த்தும். புழு விடும் பட்டு நூல் இலைகளை ஒட்டிவிடும். நூல் எறும்பின் உடலில் ஊறியதல்ல. ஆனால் செயல் முழுக்க இயல்பூக்கம். கரிச்சான், இதை எதில் சேர்ப்பீர்கள்?

கரிச்சான்:
கருவியில்தான். புழு தனி உடல், எறும்பு அதை எடுத்துப் பயன்படுத்துகிறது. சிலந்தி வலை அப்படியல்ல, அது கட்டுமானம். வலையைக் கருவி என்றால் பறவைக் கூட்டையும் சொல்ல வேண்டிவரும்.

நுண்ணோக்கி:
கூடு, கட்டி முடித்த நிலையிலேயே அசையாமல் இருக்கும். முக்கோண வலைச் சிலந்தி நூலை இழுத்து விறைப்பாக்கிப் பிடித்துக் காத்திருக்கும். பூச்சி மோதியதும் விடும், வலை முன்னே பாய்ந்து பூச்சியைச் சுருட்டும். தசையால் முடியாத வேகத்தை நூலில் சேர்த்துவைத்து வேட்டையாடுகிறது. எந்தப் பறவை தன் கூட்டை இப்படி இயக்குகிறது?