மகளோடு ஜியோகேஷிங் போனோம், ஒன்றும் கிடைக்கவில்லை: எங்கே பிழை விட்டோம்?

மார்க்கம்_அப்பா:

வணக்கம். மகளுக்குப் பத்து வயது. வகுப்பில் ஒரு பிள்ளை சொல்லி, இரண்டு மாதமாக ஜியோகேஷிங் போகலாம் என்று ஒரே நச்சரிப்பு. மனைவி 'கேஷ்' என்றதும் ஏதோ காசு கட்டுகிற விளையாட்டு என்று பயந்துவிட்டார். யாரோ ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் பார்த்துத் தேடிப்பிடித்து, உள்ளே இருக்கிற தாளில் பெயர் எழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவது, அவ்வளவுதான் என்று விளங்கப்படுத்தினேன். "அதற்கு ஏன் வெளியே போக வேண்டும், வீட்டிலேயே உங்கள் சாமான் ஒன்றும் இருக்கிற இடத்தில் இல்லையே" என்றார். சரி.

போன சனிக்கிழமை இரண்டு முறை முயன்றோம், இரண்டும் தோல்வி.

முதல் தடவை ஜியோகேஷிங் இணையத்தளத்தில் இருந்த இலக்கங்களைத் தாளில் எழுதி எடுத்தேன். வடக்கு 43° 46.512 என்று இருந்தது. கூகுள் மேப்பில் 43.46512 என்று அடித்தேன். மேற்குக்கும் அதே மாதிரி. மேப் ஒன்ராறியோ ஏரிக்கு நடுவில் புள்ளி வைத்தது. மகள் "அப்பா, படகு வேணுமா?" என்றாள்.

பிறகு ஜியோகேஷிங் ஆப்பை இறக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிட்ட ஒரு பிளாசாவின் பார்க்கிங் லொட்டுக்குப் போனோம். அளவு மைக்ரோ (மிகச் சின்னது), கடினம் ஐந்துக்கு 1.5 என்று இருந்தது. போன் மூன்று மீற்றர் என்றது. ஒரு அடி வைத்தால் ஏழு. திரும்பி நின்றால் இரண்டு. அங்கே இருந்தது ஒரு விளக்குக் கம்பம், ஒரு குப்பைத் தொட்டி, நாலு பற்றை. நாற்பது நிமிடம் தேடினோம். குப்பைத் தொட்டிக்கு அடியிலும் கை விட்டேன். கடைசியில் காவலாளி வந்து "ஏதும் தொலைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். வாயில் வந்தபடி கார்த் திறப்பு என்று சொல்லிவிட்டேன். நல்ல மனிதர், அவரும் குனிந்து தேடத் தொடங்கிவிட்டார். திறப்பு என் கையில் இருந்தது.

இதற்குத் தனி ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டுமா? பிள்ளையோடு போகிறவர்கள் எப்படித் தொடங்கினீர்கள்?

---

நடைராசன்:

கார்மின் ஜிபிஎஸ் கருவி ஒன்று வாங்குங்கள் தம்பி. போனை நம்பிக் காட்டுக்குள் போனால் பாதி வழியில் பற்றரி செத்துவிடும். எனக்கு அப்படி நடந்திருக்கிறது, அதுவும் ஜனவரியில்.

---

தொப்பிக்காரி:

ராசன் அண்ணை, அவர் இன்னும் பார்க்கிங் லொட்டையே தாண்டவில்லை, அதற்குள் கார்மினா! தம்பி, ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன், 2013இல் இருந்து தேடுகிறேன். அறுநூற்றுச் சொச்சம் எடுத்திருக்கிறேன், எல்லாம் போனை வைத்துத்தான்.

முதலில் அந்த ஏரிக் கதை. 46.512 என்பது பாகையின் (டிகிரியின்) தசமம் இல்லை, கலை (மினிட்). ஒரு பாகைக்கு அறுபது கலை. 46.512ஐ 60ஆல் வகுத்தால் 0.7752, ஆகவே நீங்கள் அடித்திருக்க வேண்டியது 43.7752. நீங்கள் அடித்த இடம் அதற்குக் கிட்டத்தட்ட 34 கிலோமீற்றர் தெற்கே. தண்ணீருக்குள் போகாமல் என்ன செய்யும்? கூகுளில் 43 என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, 46.512 என்று அடித்தால் அதுவே விளங்கிக்கொள்ளும். மேற்குக்கு முன்னால் கழித்தல் குறி போட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் நடு ஆசியாவுக்குப் போய்விடுவீர்கள்.

அடுத்தது பார்க்கிங் லொட். அந்த விளக்குக் கம்பத்தை வடிவாகப் பார்த்தீர்களா? அடியில் போல்ட்டுகளை மறைக்க ஒரு சதுரத் தகரக் கூடு இருக்கும். எல்லோரும் அது கம்பத்தோடு ஒட்டினது என்றே நினைப்பார்கள். பெரும்பாலும் சும்மா போர்த்தித்தான் இருக்கும், இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினால் கம்பத்தோடு வழுக்கிக்கொண்டு வரும். கிறீச்சென்று ஒரு சத்தம், பிளாசா முழுக்கக் கேட்கும். உள்ளே போல்ட்டுக்குப் பக்கத்தில் அந்தக் காலத்துப் பிலிம் ரோல் டப்பா ஒன்று, அதற்குள் சுருட்டின தாள். இங்கே தேடுகிற ஆட்கள் இந்தக் கூட்டைப் பாவாடை என்றுதான் சொல்வார்கள். வட அமெரிக்கா முழுக்க ஆயிரக்கணக்கில் இப்படித்தான் ஒளித்து வைத்திருக்கிறார்கள். உங்களுடையதும் இதுதான் என்று என் தொப்பியைப் பந்தயம் வைப்பேன். தூக்குகிறபோது முகத்தைத் தள்ளி வையுங்கள், கோடையில் உள்ளே குளவி கூடு கட்டியிருக்கும். வயர் கியர் தெரிந்தால் கை வைக்க வேண்டாம். திருப்பி மெதுவாக இறக்குங்கள், நான் ஒருமுறை பெருவிரலை நசித்துக்கொண்டேன்.

போன் மூன்று, ஏழு, இரண்டு என்று ஆடுவது பழுது இல்லை. வெட்டையில் நல்ல போனுக்கே மூன்று நாலு மீற்றர் பிசகும், மரத்துக்குக் கீழே இன்னும் கூட. ஒளித்து வைத்தவரின் போனும் அப்படியே பிசகியிருக்கும். இரண்டு பிசகும் சேர்ந்தால் எட்டுப் பத்து மீற்றர் வட்டம். அதனால் பத்து மீற்றருக்குள் வந்ததும் நான் போனைப் பொக்கற்றுக்குள் போட்டுவிடுவேன். அப்புறம் கண்தான். இந்த இடத்தில் ஒரு சாமானை நான் ஒளிப்பதென்றால் எங்கே ஒளிப்பேன் என்று யோசியுங்கள். உங்கள் மகளைக் கேளுங்கள், பத்து வயதுப் பிள்ளைக்கு இது எங்களை விட நன்றாக வரும். ஒரு கல்லு மற்றக் கல்லுகளை விட நேராக இருக்கிறதா, மரப்பொந்தை மூன்று குச்சி ஒரே நீளத்தில் மறைக்கிறதா, வேலித் தூணில் ஒரு ஆணி மட்டும் மினுங்குகிறதா என்று பாருங்கள். இயற்கை அப்படி ஒழுங்காக அடுக்காது.

பிள்ளையோடு போகிறபோது மைக்ரோவை விட்டுவிடுங்கள். மைக்ரோ என்றால் 100 மில்லிலீற்றருக்குள், கண்டுபிடித்தாலும் உள்ளே தாள் மட்டும்தான். ஸ்மோல் அல்லது ரெகுலர் என்று போட்டிருக்கிறதைப் பாருங்கள். சாப்பாட்டுப் பெட்டி அளவாவது இருக்கும், உள்ளே சின்னச் சின்னச் சாமான் கிடக்கும். ஒன்று எடுத்தால் அதே மதிப்பில் ஒன்று வைக்க வேண்டும். நாங்கள் கண்ணாடி மாபிள் கொண்டுபோவோம். தின்பண்டம் வைக்கவே கூடாது, அணில் பெட்டியையே கடித்துப் பிய்த்துவிடும்.

போவதற்கு முன் கடைசியாக வந்த ஆட்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசியுங்கள். இதைத்தான் புதிதாக வருகிறவர்கள் செய்வதில்லை. கடைசி நாலு பேரும் கிடைக்கவில்லை என்று சோக முகம் போட்டிருந்தால் பெட்டி அங்கே இல்லை என்றே நினையுங்கள். போன கிழமை ஒருவர் எடுத்திருந்தால் நம்பிப் போகலாம். காசு கட்டாமல் அந்த ஆப்பில் எல்லாப் பெட்டியும் திறக்காது, பரவாயில்லை, திறக்கிறதே முதல் கோடைக்குப் போதும். அன்ட்ரொயிட் போன் என்றால் சி:ஜியோ என்று ஒரு இலவச ஆப்பும் இருக்கிறது.

பேனை வேண்டாம், பென்சில் கொண்டுபோங்கள். ஈரத் தாளில் பேனை எழுதாது, குளிரில் மை உறைந்துவிடும்.

காவலாளியிடம் இனி உண்மையைச் சொல்லுங்கள். நான் தனியாக, தலையில் தொப்பியோடு, பற்றைக்குள் குனிந்து நிற்கிற மண்ணிறப் பெண். யாராவது கேட்காமல் போக மாட்டார்கள். ஆரம்பத்தில் எனக்கும் வெட்கம், ஒருமுறை நாயைத் தேடுகிறேன் என்றேன். எந்த நாய், என்ன நிறம் என்று கேட்டார்கள். இப்போது போனைக் காட்டி "புதையல் விளையாட்டு" என்று சொல்லிவிடுவேன். பாதிப்பேர் தங்கள் பிள்ளைக்கென்று ஆப்பின் பெயரை எழுதிக்கொண்டு போவார்கள்.

---

நடைராசன்:

தங்கச்சி சொல்வது சரி, ஆனால் கார்மினைக் குறைவாகச் சொல்ல வேண்டாம். இந்த விளையாட்டே அந்தக் கருவிகளால் வந்ததுதான். அமெரிக்க அரசு பொதுமக்களின் ஜிபிஎஸ்ஸை வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது, நூறு மீற்றர் வரை பிசகும். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் திகதி அதை நிறுத்தினார்கள். அடுத்த நாளே ஒரிகனில் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து வைத்து, இடத்தின் இலக்கங்களை இணையத்தில் போட்டார். அதுதான் முதலாவது.

---

தொப்பிக்காரி:

அந்த வாளிக்குள் ஒரு ரின் பீன்ஸும் இருந்தது அண்ணை. காணிக்காரரின் அனுமதி இல்லாமல் மண்ணுக்குள் புதைப்பது இப்போது விதிப்படி கூடாது, சாப்பாடு வைக்கவே கூடாது. முதல் பெட்டியை இன்றைக்குக் கொண்டுவந்து பதியச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்!

---

ஆற்றங்கரை:

ரூஜ் பார்க் பக்கம் போவதென்றால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே கறுங்கால் உண்ணி இருக்கிறது, லைம் நோய் பரப்புவது அதுதான். நீளக் காற்சட்டை போட்டு, அதைச் சொக்ஸுக்குள் செருகிக்கொண்டு போங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்பக்கம், தலைமயிர் எல்லாம் பாருங்கள். குட்டி உண்ணி கசகசா அளவுதான். கடித்திருந்தால் கூரான சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுங்கள், நசிக்க வேண்டாம். ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றுகிற வாய்ப்புக் குறைவு. மூன்று மூன்று இலையாக மினுங்குகிற செடி கண்டால் கை வைக்காதீர்கள், அது பொய்சன் ஐவி, தொட்டால் தோல் அரித்துக் கொப்பளிக்கும்.

இன்னொன்று, ஆசையில் நீங்களே ஒரு பெட்டி ஒளிக்க அவசரப்படாதீர்கள். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா, அனுமதி வாங்க வேண்டும். வேறு இடத்திலும் பக்கத்துப் பெட்டியில் இருந்து 161 மீற்றர் தள்ளித்தான் வைக்கலாம்.

---

மார்க்கம்_அப்பா:

அக்கா, உங்கள் தொப்பி தப்பியது. பாவாடைதான்! ஞாயிறு காலை ஏழு மணிக்கு, ஒருவரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனோம். நான் தூக்க, மகள் முழந்தாளிட்டுக் கையை விட்டு எடுத்தாள். தாள் ஒரே ஈரம், பென்சில் எழுதியது. சொந்தப் பெயர் போடாமல் 'படகுக்காரி' என்று எழுதினாள்.

அப்புறம் மோர்னிங்சைட் பார்க் பக்கம் ஒரு ஸ்மோல். போனைப் பொக்கற்றில் போட்ட இரண்டாவது நிமிடம் மகள் கண்டுபிடித்துவிட்டாள், விழுந்த மரத்துக்கு அடியில், மரப்பட்டையால் மூடி. உண்ணி இல்லை, தலை முழுக்கப் பார்த்தாயிற்று.

ஒரு சந்தேகம். பெட்டியில் இருந்து மகள் எடுத்துக்கொண்டு வந்தது ஒரு தகரத் தகடு, நாய்க் கழுத்தில் போடுவது போல. வண்டுப் படமும், எழுத்தும் இலக்கமுமாக ஒரு குறியீடும் இருக்கிறது. பதிலுக்கு ஒரு மாபிள் வைத்தோம். இது இனி எங்களுடையதா?

---

தொப்பிக்காரி:

இல்லை தம்பி, அது ட்ராவல் பக், பயணி. யாரோ அனுப்பியது, பெட்டிக்குப் பெட்டி மாறிப் போய்க்கொண்டே இருக்கும். அந்தக் குறியீட்டை இணையத்தளத்தில் அடித்தால் எங்கெங்கே போனது, எங்கே போக ஆசை என்று காட்டும். இரண்டு கிழமைக்குள் வேறொரு பெட்டியில் வையுங்கள், மைக்ரோவில் கொள்ளாது. குறியீட்டை மட்டும் இங்கே எழுத வேண்டாம், தகட்டைக் காணாத ஆட்களும் கண்டேன் என்று பதிந்துவிடுவார்கள்.

---

மார்க்கம்_அப்பா:

பார்த்தோம். கடல் பார்க்க வேண்டுமாம். ஒன்ராறியோ ஏரி கணக்கில் வராதா என்று மகள் கேட்கிறாள்.

---

தொப்பிக்காரி:

உப்பில்லையே பிள்ளை. கடலோரத்து ஹலிபக்ஸ் பக்கம் போகிற ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கோ.