தீவில் நிற்கும் படை எங்கே தங்க வேண்டும்?

தொண்டி ஆசிரியர்:
தென் அட்லாண்டிக் கடலில் பிரிட்டனின் ஆட்சியில் இருந்த ஃபாக்லாந்து தீவுகளை 1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா பிடித்தது. ஜூன் 14 அன்று பிரிட்டன் மீட்டது. போருக்கு முன் ஏறத்தாழ 1,800 மக்களுக்கு 40 கடற்படை வீரர் அளவிலான காவலே இருந்த அந்தத் தீவுகளில், போருக்குப் பின் குடிமக்களைவிட அதிகமான படையினர் நின்றார்கள். முதல் குளிர்காலத்தை அவர்கள் தலைநகரான ஸ்டான்லி ஊர்மக்களின் வீடுகளிலும், ஆட்டுமயிர் கத்தரிக்கும் கொட்டகைகளிலும், ரங்கட்டிரா என்ற பயணிகள் கப்பலிலும் கழித்தார்கள். பிறகு ‘கோஸ்டல்’ எனப்பட்ட மிதக்கும் விடுதிகள் மூன்று வந்தன. 1985இல் ஊரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி மவுன்ட் பிளசன்ட் விமானத்தளம் திறக்கப்பட்டது. படையை ஊருக்குள் வைப்பதா, தனி முகாமில் வைப்பதா? பாக் நீரிணையின் இரு கரைகளிலும் கடற்படை நிற்கிறது என்பதால் இங்கே கேட்கிறேன்.

முன்னாள் சுபேதார், பரமக்குடி:
தனி முகாம்தான் சரி. ஊர்மக்களின் வீட்டில் தங்கிய வீரன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், மூன்றாவது மாதத்தில் அந்த வீட்டுக்குப் பாரமாகிவிடுவான். மிதக்கும் விடுதியும் நிரந்தர வழியன்று. இரும்பு மிதவையின்மேல் பெட்டி பெட்டியாக அடுக்கிய அறைகளில் நூற்றுக்கணக்கானவர்கள் உண்டு, உறங்கி, துணி துவைத்து வாழ்வதை எத்தனை ஆண்டுகளுக்கு நீட்டிக்க முடியும்?

பலரும் கவனிக்காதது ஓடுபாதையின் கணக்கு. ஸ்டான்லியின் சிறிய ஓடுபாதையை அலுமினியத் தகடு விரித்து நீட்டிய பிறகும், பெரிய விமானங்கள் அங்கே இறங்க முடியவில்லை. அட்லாண்டிக் நடுவே பிரிட்டனுக்குரிய அசென்ஷன் தீவிலிருந்து புறப்பட்ட ஹெர்குலிஸ் என்ற சரக்கு விமானம், நடுவானில் எரிபொருள் வாங்கிக்கொண்டு ஏறத்தாழ 13 மணி நேரம் பறக்க வேண்டியிருந்தது. மவுன்ட் பிளசன்டில் 2,590 மீட்டர் ஓடுபாதை அமைந்தபின், ஆபத்து வந்தால் துருப்புகளை நேரே கொண்டுவந்து இறக்கலாம் என்ற நிலை உண்டானது. அதனால் எப்போதும் பெரும்படையை அங்கேயே குடிவைக்கும் தேவை குறைந்தது. நல்ல தளம் கட்டினால் படை சுருங்கும்.

பாம்பன் நாட்டுப்படகு மீனவர்:
ஐயா, ‘ஊருக்கு வெளியே’ என்று ஓர் இடம் இருந்தால்தான் உங்கள் கணக்கு நிற்கும். மவுன்ட் பிளசன்ட் ஆள் குறைந்த மேய்ச்சல் வெளி. நம் கடலில் உள்ள தீவுகள் அப்படியல்ல. இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவைப் பாருங்கள். உள்நாட்டுப் போரால் 1992இல் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2009இல் போர் முடிந்த பிறகும் இலங்கைக் கடற்படை அங்கிருந்து போகவில்லை. 2017 மே மாதம் போராட்டம் தொடங்கிய அந்த மக்கள், 2018 ஏப்ரல் 23 அன்று தாங்களே படகேறிப் போய்த் தீவில் இறங்கினார்கள். தனி முகாம் என்பது அவர்களுக்கு ஊரையே இழப்பதாக முடிந்தது.

தண்ணீரையும் நினையுங்கள். தனுஷ்கோடியில் மணலைக் கையால் பறித்து, ஊறி வரும் நன்னீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். கடல்நீருக்கு மேலே மெல்லிய படலமாக நிற்கும் நீர் அது. நிதானமாக எடுத்தால் ஊறிக்கொண்டே இருக்கும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் உப்பேறிவிடும். இப்படிப்பட்ட மணல் தீவில் 500 பேருக்கு முகாம் போடுபவர், குடிநீரைக் கரையிலிருந்து கொண்டுவரும் வழியை முதலில் சொல்ல வேண்டும்.

மண்டபம் கல்லூரி மாணவி:
அண்ணன் சொல்லும் இரணைதீவு நியாயத்தை மறுக்க முடியாது. ஆனால், படையால் தீவுக்கு இழப்பு மட்டுமே என்பதை ஏற்கமாட்டேன். இராணுவச் சரக்கை இறக்குவதற்காக 1984இல் ஸ்டான்லியில் அமைத்த மிதக்கும் துறைமுகம், பின்னர் தீவு அரசின் கைக்கு வந்து மீன்பிடிக் கப்பல்களுக்கும் பயன்பட்டது. 1986இல் 150 கடல்மைல் மீன்பிடி எல்லை அறிவிக்கப்பட்டு, வெளிநாட்டுக் கப்பல்களுக்கு உரிமக் கட்டணம் விதிக்கப்பட்டதால், பாதுகாப்புச் செலவு நீங்கலாக மற்றதைத் தீவே தாங்கிக்கொண்டது. காவல் இல்லாத கடலில் அந்த எல்லையை யார் மதித்திருப்பார்கள்? போரில் புதைத்த கண்ணிவெடிகள் முழுதும் அகற்றப்பட்டது 2020இல்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதுவரை சில கடற்கரைகளில் மக்கள் கால்வைக்க முடியவில்லை.

பாம்பன் நாட்டுப்படகு மீனவர்:
தங்கச்சி, உரிமக் கட்டணம் அந்தத் தீவு மக்களின் அரசுக்குப் போனது. இரணைதீவில் மீனும் கடலட்டையும் எடுத்துப் பிழைத்தவர்களுக்கு முகாமால் என்ன வந்தது? படை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முகாம் போடும் நாளிலேயே, எந்த நிலத்தை எந்தத் தேதியில் திருப்பித் தருவோம் என்று எழுதித் தர வேண்டும் என்கிறேன்.

முன்னாள் சுபேதார், பரமக்குடி:
தம்பி, தேதியை மட்டும் ஒப்ப முடியாது. நாம் விலகும் நாளை எழுதிவைத்தால், எதிரி அந்த நாளுக்காகக் காத்திருப்பான். கிணறு, மீனவர் வாடி, படகு ஏற்றும் கரை, கோயில், தேவாலயம் ஆகியவற்றை முகாம் வேலிக்குள் சேர்க்கக் கூடாது என்பதை முழுமனத்தோடு ஏற்கிறேன்.

பாம்பன் நாட்டுப்படகு மீனவர்:
தேதி இல்லாததால்தான் இரணைதீவில் 26 ஆண்டுகள் போயின, ஐயா. தேதி ஆகாது என்றால், இந்த நிலம் இன்னும் எதற்குத் தேவை என்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர்ச்சபையில் வந்து அதிகாரி விளக்கட்டும்; விளக்க முடியாத நிலத்தை அந்த ஆண்டே விடட்டும்.