ஆக்சிஜனேற்றத் தடுப்பானா, தணிப்பியா?

அன்புடையீர், வணக்கம்.

காற்று மாசு மூக்கின் உட்சவ்வை எப்படிச் சிதைக்கிறது, செல்கள் அதை எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது பத்தியிலேயே 'ஆன்டிஆக்சிடன்ட்' குறுக்கே வந்தது. ஆக்சிஜனேற்றம், அதாவது ஒரு பொருள் எலக்ட்ரானை இழப்பது, செல்லைச் சிதைக்காமல் காக்கும் பொருள் அது. 'எதிர் ஆக்சிஜனேற்றி', 'ஆக்சிஜனேற்றத் தடுப்பான்' இரண்டையும் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

முதலாவது, தமிழில் நேர்மாறான பொருளைத் தருகிறது. எதிர்க்கட்சியும் ஒரு கட்சிதான், எதிரணியும் ஓர் அணிதான். அந்தக் கணக்கில் எதிர் ஆக்சிஜனேற்றியும் ஓர் ஆக்சிஜனேற்றி, அதாவது ஆக்சிஜனேற்றத்தை உண்டாக்கும் பொருள், ஆகிவிடும். வேதியியல் தெரிந்தவர் தடுமாற மாட்டார். முதன்முதலாகப் படிக்கும் பிள்ளை நிச்சயம் தடுமாறும்.

'தடுப்பான்' அப்படித் தவறான சொல் இல்லை. ஆனால் மூக்குக்குள் போனால் பொருந்தவில்லை. அங்கே தடுக்கும் வேலைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பெரிய தூசியை முடி பிடிக்கிறது. அதைத் தாண்டியது கோழையில் ஒட்டுகிறது. செல்களின் மேல் முடிபோல நிற்கும் நுண்ணிய குற்றிழைகள் ஓயாமல் அசைந்து அந்தக் கோழையை, நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம், தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தடுப்பு என்று இவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

மாசுக் காற்றிலுள்ள ஓசோன் வாயு உள்ளே வரும்போது நடப்பதே வேறு. மூக்குநீரில் அதை எதிர்கொள்ளும் பொருள்களில் முக்கியமானது யூரிக் அமிலம். மூட்டுவீக்கத்தோடு சேர்த்து நாம் பயப்படும் அதே யூரிக் அமிலம்தான். நாசிச் சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. ஓசோன் செல்லின் கொழுப்புச் சவ்வைத் தொடுவதற்கு முன் இது தன்னைக் கொடுக்கிறது, தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து அலன்டோயின் என்ற வேறொரு பொருளாக மாறுகிறது. செல்லுக்குள் இருக்கும் குளுட்டாதயோன் என்ற ஆன்டிஆக்சிடன்டும் இப்படித்தான்: இரண்டு மூலக்கூறுகள் எலக்ட்ரானை இழந்து ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும், பிறகு ஒரு நொதி அவற்றைப் பிரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஆக்சிஜனேற்றம் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். செல்லின் மேல் விழவேண்டியது வேறொன்றின் மேல் விழுகிறது, அவ்வளவே.

அப்படியானால் 'தடுப்பு' எங்கிருந்து வந்தது? 1920களில் பிரான்சில் மூரோ, துஃப்ரேஸ் என்ற இரு வேதியியலாளர்கள் அக்ரோலின் என்ற நீர்மம் காற்றுப்பட்டுக் கெடாமல் இருக்க வழி தேடினார்கள். சிறிதளவு சேர்த்தாலே அந்தக் கேட்டை நிறுத்தும் பொருள்களுக்கு 'ஆக்சிஜன் எதிர்ப்பிகள்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். ரப்பர், எண்ணெய் போன்றவற்றில் இந்த வகைப் பொருள்கள் பயன்பட்டது எல்லோருக்கும் தெரியும். புட்டியில் இருக்கும் நீர்மத்துக்கு அந்தப் பெயர் சரி. உயிருள்ள செல்லுக்கு அது பெரிய வாக்குறுதி. (அக்ரோலின் புகையில் இருப்பது, மூக்கைக் கடுமையாக எரிப்பது. வார்த்தை பிறந்த இடத்துக்கே என் கட்டுரை திரும்பிப் போகிறது.)

அந்த வாக்குறுதியால் ஆபத்தும் உண்டு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. ஆன்டிஆக்சிடன்ட் என்று பெயர்பெற்ற பீட்டா கரோட்டினை மாத்திரையாக எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. வைட்டமின் சி கூட இரும்பு, செம்பு அயனிகளோடு சேரும்போது ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டக்கூடும். டீசல் புகைத் துகளில் இந்த உலோகங்கள் இருக்கின்றன. சூழலுக்கேற்ப நடத்தை மாறும் ஒரு பொருளை 'தடுப்பான்' என்று எழுதினால், அதிகம் சாப்பிட்டால் அதிகம் தடுக்கும் என்றுதான் வாசகர் நினைப்பார்.

எனவே என் முன்மொழிவு: ஆக்சிஜனேற்றத் தணிப்பி. சினம் தணிகிறது, தாகம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது. எதுவும் அடியோடு ஒழிவதில்லை, வேகம் குறைகிறது. 'தணிப்புத்திறன்', 'தணிப்பு நொதி' என்று கிளைச்சொற்களும் இயல்பாக வரும். ஒட்சியேற்றம் என்று எழுதும் இலங்கை நண்பர்களுக்கு 'ஒட்சியேற்றத் தணிப்பி' தடையின்றிப் பொருந்தும்.

'ஒடுக்கி' இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு என்று நேற்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் ஐயா, எலக்ட்ரான் கொடுக்கும் எல்லாமே ஒடுக்கிதான். சிறிய அளவில் இருந்தே அருகிலுள்ள வேறொரு பொருளின் ஆக்சிஜனேற்றத்தைக் குறைப்பது அல்லது தாமதப்படுத்துவதுதான் இங்கே குறிக்கப்படும் வேலை. அது 'ஒடுக்கி'யில் வரவில்லை.

இந்தச் சொல்லால் இன்னொரு வசதியும் கிடைத்தது. பிராக்கோலியில் இருந்து வரும் சல்ஃபோரஃபேன் என்ற பொருளையும் பலர் ஆன்டிஆக்சிடன்ட் என்றே எழுதிவிடுகிறார்கள். அது முக்கியமாகத் தானே எலக்ட்ரான் கொடுத்து வேலை செய்வதில்லை. கீப்1 என்ற புரதம் பிடித்துவைத்திருக்கும் என்ஆர்எஃப்2 புரதத்தை விடுவிக்கிறது. விடுபட்ட என்ஆர்எஃப்2 செல்லின் உட்கருவுக்குப் போய், தணிப்பு நொதிகளுக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. ஆகவே சல்ஃபோரஃபேனைத் 'தணிப்புத் தூண்டி' என்று தனியாகக் குறிக்கலாம். கட்டுரையில் இப்படி எழுதியிருக்கிறேன்:

"மூக்குநீரில் உள்ள தணிப்பிகள் தீர்ந்துபோகும் அளவுக்கு மாசு கூடினால், அடுத்த அடி செல்சவ்வின் மேல் விழுகிறது. தணிப்புத் தூண்டிகள் செல்லின் சொந்தக் கையிருப்பைப் பெருக்குகின்றன."

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. இணைசேராத எலக்ட்ரானோடு திரிந்து செல்லைத் தாக்கும் ஃப்ரீ ராடிக்கலுக்குப் பாடநூலில் 'தனி உறுப்பு' என்று உள்ளது. "மூக்கு என்ற உறுப்பைத் தனி உறுப்புகள் தாக்குகின்றன" என்று என்னால் எழுத முடியவில்லை. 'இயங்குறுப்பு' என்றாலும் உறுப்பு போகவில்லை. இணைசேராத எலக்ட்ரான் என்பதை வைத்து 'இணையிலி' என்று போட்டேன். 'இணையற்றது' என்ற புகழ்ச்சி வாடை அடிக்கிறது. இதற்கு யாராவது கைகொடுங்கள்.