வெட்டிப் படித்தால்தான் உடற்கூற்றியல் வருமா?

கொட்டாஞ்சேனை மாணவன்:
கொழும்பில் மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். அடுத்த மாதம் வகுப்பு ஆரம்பம். பிணத்தைப் பதப்படுத்தும் போர்மலின் நெடிக்கே கண் எரியும் என்று மூத்த மாணவர்கள் மிரட்டுகிறார்கள். பிணம் தொட்ட கையோடு சாமியறைப் பக்கம் வரக்கூடாது என்று அம்மம்மா இப்போதே சட்டம் போட்டுவிட்டார். என் கேள்வி வேறு. முப்பரிமாணச் செயலியில் தசைகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கலாம், பிழைத்தால் திரும்பவும் தொடங்கலாம். பிறகு ஏன் மணிக்கணக்கில் பிணம் கிடத்திய மேசையருகே நிற்க வேண்டும்?

வெள்ளவத்தை அக்கா:
தம்பி, வெறும் வயிற்றோடு மட்டும் போகாதே. கண்வில்லை அணிபவன் என்றால் அன்றைக்குக் கண்ணாடி போட்டுக்கொள். மேலங்கியை வீட்டு உடுப்புகளோடு சேர்த்துத் துவைக்காதே. நெடி ஒரு வாரத்தில் பழகிவிடும். மற்றதைப் பெரியவர்கள் சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற செய்முறை ஆசிரியர்:
தம்பி, இதை வாசிக்கும்போதே பெருவிரலையும் சின்னவிரலையும் முட்டவைத்து மணிக்கட்டைச் சற்று மடக்கிப் பாரும். நடுவில் ஒரு தசைநாண் புடைக்கிறதா? அது பால்மாரிஸ் லோங்கஸ் என்ற முன்கைத் தசையின் நாண். சிலருக்கு ஒரு கையில் இல்லை, சிலருக்கு இரண்டிலும் இல்லை. இல்லாமலே சமாளிக்கலாம் என்பதால்தான் சத்திரசிகிச்சை நிபுணர்கள் அதை எடுத்து வேறிடத்தில் ஒட்டுகிறார்கள். உமது செயலி மனிதனுக்கு அது என்றைக்கும் இருக்கும். மேசையில் கிடப்பவருக்கு உண்டா இல்லையா என்பது திறந்தால்தான் தெரியும்.

வெட்டுவது என்கிறீர். கத்திக்குத் தோலோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். பிறகு கத்தரிக்கோலை மூடியபடி நுழைத்து, உள்ளே விரித்து, திசுக்களைப் பிரிக்க வேண்டும். அக்குளை எடுத்துக்கொள்ளும். படத்தில் நாடி சிவப்பு, நாளம் நீலம், நரம்பு மஞ்சள். மேசையிலோ மஞ்சளாக இருப்பது கொழுப்புத்தான், மற்றதெல்லாம் ஒரே மங்கல் நிறம். விரல்களுக்கிடையே உருட்டிப் பார்க்க வேண்டும். நாளம் நசிந்து தட்டையாகும். நாடியின் சுவர் தடிப்பு, நடுவே குழாய் இருப்பது விரலுக்குத் தெரியும். நரம்பு முறுக்கிய நூல் போலத் திண்மையாக உருளும். கொழுப்பைக் கிள்ளிக் கிள்ளி அகற்றி, நாடியைச் சுற்றி நரம்புகள் ஆங்கில M எழுத்து வடிவில் கிடப்பதை நீரே கண்டுபிடித்தால் அதைப் பாடமாக்க வேண்டியதில்லை. கைபேசியோடு பின்னால் நிற்பவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் குரங்கையும் பன்றியையும் அறுத்து எழுதியதை ஐரோப்பா நூற்றாண்டுக் கணக்கில் நம்பியது. பேராசிரியர் மேலேயிருந்து நூலை வாசிப்பார், கீழே இன்னொருவர் அறுப்பார். பதினாறாம் நூற்றாண்டு உடற்கூற்றியலாளர் வெசாலியஸ் தானே கத்தியை எடுத்தார். மனிதனின் கீழ்த்தாடை கேலன் சொன்னதுபோல் இரண்டு எலும்பல்ல, ஒன்றுதான் என்று 1543இல் அச்சேற்றினார்.

செயலியைக் கைவிடச் சொல்லவில்லை. முதல்நாள் இரவு அதில் பார்த்துவிட்டு வாரும். மூளைக்குள் ஓடும் நரம்புப் பாதைகளுக்கு, என்னைக் கேட்டால், அது மேசையைவிட மேல்.

தெகிவளை வாசகர்:
அம்மம்மாவிடம் பண்டைய இந்திய சத்திரசிகிச்சை வல்லுநர் சுசுருதரைப் பற்றிச் சொல்லுங்கள். உடலைப் புல்லால் சுற்றி, ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவைத்து, வெட்டிவேர், மூங்கில் போன்றவற்றால் ஆன தூரிகையால் மெல்லத் தேய்த்து, அடுக்கடுக்காகப் பார்க்கச் சொன்னவர் அவர்.

ஆசிரியர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். என் தகப்பனார் உடலைத் தானம் செய்ய விரும்புகிறார். எழுதி வைத்தால் போதுமா?

ஓய்வுபெற்ற செய்முறை ஆசிரியர்:
எழுதினால் மட்டும் போதாது, பிள்ளைகள் எல்லோருக்கும் இப்போதே தெரிய வேண்டும். அந்த நேரத்தில் உடலைக் கையளிக்கப்போவது நீங்கள்தான். பிரேதப் பரிசோதனை நடந்த உடலைப் பொதுவாக ஏற்பதில்லை. பீடத்தின் உடற்கூற்றியல் துறையில் படிவம் தருவார்கள், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.