எச்-4 மகளுக்கு டெக்சாஸில் ‘நான்-ரெசிடென்ட்’ என்று வந்திருக்கிறது. 12 மாதக் கணக்கு யாருடையது?

ஃபிரிஸ்கோ அப்பா:

வணக்கம். நேற்று மாலையிலிருந்து வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நியூ ஜெர்சி எடிசனில் ஒன்பது வருடம் இருந்தோம். நான் எச்-1பி வேலை விசா, மனைவியும் மகளும் அதைச் சார்ந்த எச்-4 குடும்ப விசா. மகள் பன்னிரண்டாவது படிக்கும்போது பாதியில் பள்ளி மாற வேண்டாம் என்று அவர்கள் இருவரும் சென்ற ஆண்டு ஜூலையிலேயே டெக்சாஸ் ஃபிரிஸ்கோவுக்கு வந்துவிட்டார்கள். என் கம்பெனி என்னை டல்லாஸுக்கு மாற்ற அக்டோபர் ஆகிவிட்டது. அதுவரை நான் எடிசனில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன்.

மகளுக்கு இங்கே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் வகுப்பு. ஆனால் அவள் கணக்கில் ‘நான்-ரெசிடென்ட்’, அதாவது வெளிமாநில மாணவி, என்று போட்டிருக்கிறார்கள். கட்டணம் மூன்று மடங்குக்கு மேல் போகிறது. நான்கு வருடம் அதைக் கட்டும் நிலையில் நாங்கள் இல்லை. போன் செய்தால் “தகப்பனார் 12 மாதம் இங்கே இருக்கவில்லை” என்று ஒரே வரி. ஒரு மாதக் குறைவுக்கு நான்கு வருடத் தண்டனையா? ஏதாவது வழி இருக்கிறதா?

இர்விங்காரர்:

சார், விசாவில் இருப்பவர்களுக்கு இன்-ஸ்டேட், அதாவது உள்மாநிலக் கட்டணம், கிடைக்காது என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். கிரீன் கார்டு வேண்டும். எதற்கும் உடனே ஒரு வீடு வாங்கிவிட்டால் ஆதாரம் ஆகுமே?

பிளானோ அம்மா:

இர்விங் சார், இரண்டுமே சரியில்லை. தவறான தகவலால் ஒரு குடும்பம் முயற்சியையே விட்டுவிடக்கூடாது, அதனால் சொல்கிறேன். எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவர் டெக்சாஸைத் தன் நிரந்தர இருப்பிடம் என்று நிலைநாட்ட முடியாது. எச்-1பி, எச்-4, கம்பெனி இடமாற்றத்துக்கான எல்-1, அதன் குடும்ப விசாவான எல்-2 எல்லாம் அந்த உரிமை உள்ள விசாக்கள். வீடும் அப்படித்தான். வீட்டுப் பத்திரம் நல்ல ஆதாரம், ஆனால் 12 மாதம் உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். இப்போது வாங்கினால் இந்தத் தவணைக்கு உதவாது.

ஃபிரிஸ்கோ அண்ணா, நீங்கள் மூன்று விஷயம் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் குடியிருப்புக் கேள்விகள் பகுதியை, அதாவது சி.ஆர்.க்யூ.வை, யார் நிரப்பியது? எந்தப் பெற்றோரை வைத்து உரிமை கோருகிறீர்கள் என்ற இடத்தில் யாரைப் போட்டீர்கள்? அண்ணி வேலைக்குப் போகிறார்களா?

ஃபிரிஸ்கோ அப்பா:

மகள்தான் நிரப்பினாள். பக்கத்தில் நான் இருந்தேன். பள்ளிப் படிவம் எல்லாவற்றிலும் என் பெயர்தான் முதலில் வரும், அதே பழக்கத்தில் இங்கேயும் என்னைப் போட்டுவிட்டாள். இங்கே வந்த நாள் என்று அக்டோபரைக் கொடுத்தோம், அது உண்மைதானே. வந்த முக்கியக் காரணம் என்ற இடத்தில் மூன்று விடை இருந்தது. ‘பணி நிமித்தம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தோம். கம்பெனி மாற்றித்தானே வந்தேன்.

மனைவிக்கு எச்-4 வேலை அனுமதி இருக்கிறது. பிளானோவில் ஒரு பல் மருத்துவமனையில் கணக்குப் பார்க்கிறாள். ஆகஸ்ட் 18-ல் சேர்ந்தாள். வாடகை ஒப்பந்தம் ஜூலை 12, இருவர் பெயரிலும் இருக்கிறது. அவள் பெயர்தான் முதலில்.

பிளானோ அம்மா:

அண்ணா, முதலில் சாப்பிடுங்கள். வழி இருக்கிறது, அது உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

மகள் உங்களைச் சார்ந்திருப்பவள். ஃபெடரல் வருமான வரியில் அவளைக் காட்டுகிறீர்கள். அப்படி இருந்தால் அவளுடைய குடியிருப்பு பெற்றோரைப் பொறுத்தது. சட்டம் கேட்பது ‘ஒரு பெற்றோர்’. இருவரும் 12 மாதம் இருந்திருக்க வேண்டும் என்று இல்லை, தகப்பனாராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அந்த 12 மாதத்தை சென்சஸ் நாள் என்ற ஒரு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். ஆகஸ்டில் தொடங்கும் ஃபால் தவணையில் அது பன்னிரண்டாவது வகுப்பு நாள். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் வகுப்பு தொடங்கினால் செப்டம்பர் 9-ஐ ஒட்டி வரும். உங்கள் பல்கலைக்கழக நாட்காட்டியில் சரியான தேதியைப் பாருங்கள். நீங்கள் அக்டோபரில் வந்தவர், ஒரு மாதம் குறைகிறது. அண்ணி ஜூலையில் வந்து ஆகஸ்ட் 18-லிருந்து வேலை பார்க்கிறார். அவருக்கு 12 மாதம் நிறைந்துவிடுகிறது.

வாடகை ஒப்பந்தம் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அது இங்கே வசித்ததற்குத் துணை ஆதாரம்தான். டெக்சாஸை வீடாக ஆக்கிக்கொண்டார் என்று காட்ட, தொடர்ந்து 12 மாதம் வேலை, அல்லது சொந்த வீடு, அல்லது சொந்தத் தொழில் போல ஒன்று வேண்டும். அண்ணியின் வேலைதான் உங்களுக்கு அந்த அச்சாணி. மருத்துவமனையிலிருந்து சேர்ந்த தேதியும் இன்றும் வேலையில் இருப்பதும் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்குங்கள். லெட்டர்ஹெட்டில், கையெழுத்தோடு. அதோடு பே ஸ்லிப்புகள்.

அப்புறம் அந்த ‘பணி நிமித்தம்’. படிவத்தில் அது ஒரு சிறு வட்டம், ஆனால் பார்ப்பவருக்கு அது “இவர்கள் வேலை முடிந்ததும் போய்விடுவார்கள்” என்று ஒலிக்கிறது. பக்கத்திலேயே ‘வீடு அமைத்து வாழ’ என்ற விடையும் இருக்கும். என் பையன் விஷயத்தில் நாங்களும் இதே இடத்தில்தான் தடுக்கினோம். அண்ணி மகளோடு முன்னதாகவே வந்து வீடு பிடித்து, தானாக வேலை தேடிச் சேர்ந்தவர். அவர் விஷயத்தில் ‘வீடு அமைத்து வாழ’ என்பதுதான் உண்மையான விடை. உண்மையை அப்படியே எழுதுங்கள். எதையும் வளைக்க வேண்டாம், தேவையும் இல்லை.

கேட்டி வாசி:

பிளானோ மேடம் சொன்னதோடு சில சேர்க்கிறேன். நியூ ஜெர்சியிலிருந்து வருபவர்கள் மாநில வரிப் படிவத்தைத் தேடுவார்கள். டெக்சாஸில் தனிநபர் மாநில வருமான வரியே கிடையாது, அதனால் அந்த ஆதாரமும் இங்கே கிடையாது. அதற்குப் பதிலாகக் கரண்ட் பில், வங்கி ஸ்டேட்மென்ட், 12 மாதத்துக்கு முன் எடுத்த டெக்சாஸ் டிரைவர் லைசென்ஸ். மகளின் பள்ளி டிரான்ஸ்கிரிப்ட்டை மறக்காதீர்கள். பன்னிரண்டாவது முழுவதும் இங்கே படித்தாள் என்பது நல்ல துணை.

உங்கள் பே ஸ்லிப்பை அனுப்பாதீர்கள். அதில் எடிசன் முகவரி ஓடிக்கொண்டிருக்கும், பார்ப்பவர் குழம்புவார்.

மோசமான நிலை வந்தால்கூட ஃபால் ஒரு தவணைதான் போகும். ஜனவரியில் தொடங்கும் ஸ்பிரிங் தவணைக்கு மறுவகைப்படுத்தச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அப்போது உங்களுக்கே 12 மாதம் ஆகிவிடும். இன்னொன்று: போட்டி முறையில் தரும் ஸ்காலர்ஷிப் 1,000 டாலராவது கிடைத்தால், வெளிமாநில மாணவருக்கும் உள்மாநிலக் கட்டணம் வாங்கச் சட்டத்தில் இடம் உண்டு. எல்லாருக்கும் தரமாட்டார்கள், எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கிறது. துறையிலேயே கேட்டுப் பாருங்கள்.

ராவுண்ட் ராக் தந்தை:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகன் ஒன்பதாவதிலிருந்து இங்கேதான் படிக்கிறான். அவனும் எச்-4. கல்லூரி இரண்டாம் ஆண்டில் 21 வயது முடிகிறது, அதோடு எச்-4 முடிந்து எஃப்-1-க்கு மாற்ற வேண்டியிருக்கும். அப்போது இன்-ஸ்டேட் போய்விடுமா? இதை நினைத்தே தூக்கம் வருவதில்லை.

பிளானோ அம்மா:

அண்ணா, உங்கள் பையனுக்கு வேறு வழி இருக்கிறது. டெக்சாஸ் பள்ளியில் பட்டம் பெற்று, அதற்கு முந்தைய 36 மாதமும் சென்சஸ் நாளுக்கு முந்தைய 12 மாதமும் இங்கேயே இருந்தவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அதில் கணக்கு பெற்றோரின் வேலையைப் பற்றியது அல்ல, அவன் இங்கே படித்து வளர்ந்ததைப் பற்றியது. படிவத்தில் அந்த 36 மாதக் கேள்விக்கு முதலிலேயே சரியாக விடை சொல்லுங்கள். விசா மாறும் நாளுக்குக் காத்திருக்காமல், சேரும்போதே அந்த அடிப்படையில் பதிவாகட்டும்.

2025 ஜூனில் ஃபெடரல் நீதிமன்றம் ஒன்று இந்தச் சட்டத்தின் ஒரு பகுதியைத் தடுத்தது. அது சட்டபூர்வ அனுமதி இல்லாமல் இருப்பவர்களைப் பற்றியது. எச்-4-ம் எஃப்-1-ம் சட்டபூர்வ நிலைதான். ஆனால் ஐ-797 (விசா நிலை ஒப்புதல் கடிதம்), ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), பாஸ்போர்ட் நகல் கையில் தயாராக இருக்கட்டும். அலுவலகத்தில் பேசும்போது போனில் கேட்ட பதிலோடு நிறுத்தாதீர்கள், மின்னஞ்சலில் எழுத்தில் வாங்குங்கள்.

ஃபிரிஸ்கோ அப்பா:

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். அன்று இரவே மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். மகள் “நான்தான் தப்பாகப் போட்டேன்” என்று அழுதாள். எங்கள் வீட்டில் அம்மா பெயரை முதலில் எழுதும் வழக்கம் இல்லாததுதான் காரணம், உன் தப்பு இல்லை என்று சொன்னேன்.

திருத்திய படிவத்தில் பெற்றோர் இடத்தில் மனைவியின் பெயர். கூடவே மருத்துவமனைக் கடிதம், ஆகஸ்டிலிருந்து பே ஸ்லிப்புகள், ஜூலை 12 தேதியிட்ட லீஸ், அவள் பெயரில் வந்த கரண்ட் பில்கள், பள்ளி டிரான்ஸ்கிரிப்ட், மகளைக் காட்டிய கூட்டு ஃபெடரல் வருமான வரிப் படிவத்தின் முதல் இரண்டு பக்கம், எச்-4 ஐ-797, வேலை அனுமதி அட்டை. எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, முதல் பக்கத்தில் தேதிகளை வரிசையாக எழுதி அனுப்பினேன். இடையில் ஒரு முறை “சென்சஸ் நாள்வரை வேலையில் இருப்பார் என்பதற்கு ஆகஸ்ட் கடைசியில் ஒரு பே ஸ்லிப் அனுப்புங்கள்” என்று கேட்டார்கள். சரி என்று எழுதிக் கொடுத்தோம்.

இன்று காலை மகள் கணக்கைத் திறந்து காட்டினாள். ‘ரெசிடென்ட்’ என்று மாறியிருக்கிறது. மனைவி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, வேலைக்குக் கிளம்பும் பையை எடுத்துக்கொண்டு மகளை ஒரு முறை அணைத்துவிட்டுப் போனாள்.

பிளானோ மேடம், கேட்டி சார், மிக்க நன்றி. ராவுண்ட் ராக் சார், நான் தயாரித்த தேதிப் பக்கத்தின் மாதிரி வேண்டுமானால் சொல்லுங்கள், பெயர்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்.

ராவுண்ட் ராக் தந்தை:

தாருங்கள் சார். பையனின் ஒன்பதாவது சேர்க்கைக் கடிதத்தை நேற்றுதான் பழைய பெட்டியிலிருந்து எடுத்தேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.