ரெண்டு ஏர்லைன்ஸ் ஒன்னா சேருது, அம்மா டிக்கெட் எங்க போச்சுன்னு தெரியல, உதவுங்க

வணக்கம் அண்ணே, அக்கா. மலேசியா சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். அம்மாவுக்கு கேஎல் (கோலாலம்பூர்)–திருச்சி டிக்கெட், மார்ச்சுல எடுத்தது, பயணம் தீபாவளி கழிச்சு. நடுவுல அந்த ஏர்லைன்ஸ் இன்னொரு பெரிய ஏர்லைன்ஸோட இணையுதுன்னு ஈமெயில் வந்துச்சு, அப்புறம் ஃபிளைட் நம்பர் மாறிடுச்சு, இப்ப ஆறெழுத்து புக்கிங் கோடு (பிஎன்ஆர்) போட்டா பழைய வெப்சைட், புது வெப்சைட் ரெண்டுமே புக்கிங் இல்லைன்னு காட்டுது. பணம் கார்டுல போயிடுச்சு. அம்மாவுக்கு முட்டி வலி, வீல்சேர் சொல்லி வெச்சிருந்தேன், எனக்கு அதுதான் பெரிய கவலை.

கால் சென்டர்ல அங்க கேளுங்கன்றாங்க, அங்க கேட்டா இங்க கேளுங்கன்றாங்க. சாட்ல மனுஷங்களே வர்றதில்ல. ஈப்போ ஏஜெண்ட் பாத்துட்டு 13 இலக்க இ-டிக்கெட் நம்பர் இன்னும் செல்லும், ஆனா தன்னால மாத்த முடியாதுன்னுட்டார். இந்தியாவுல விஸ்தாரா ஏர்லைன்ஸ் 2024 நவம்பர் 12ல ஏர் இந்தியாவோட சேந்தப்ப டிக்கெட்டெல்லாம் புது பேருக்கு மாத்திக் குடுத்தாங்களே, அப்போ இது முடியாத காரியம் இல்ல.

இங்க விமானப் பயணிங்க புகாரப் பாத்துட்டு இருந்த மேவ்காம் ஆணையத்தோட வேலையெல்லாம் 2025 ஆகஸ்ட் 1ல இருந்து மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் (சிஏஏஎம்) கிட்ட போயிடுச்சு, அங்க புகார் போடப் போறேன். இப்படி போட்டவங்க யாராச்சும் சொல்லுங்க: டிக்கெட் வித்த பழைய கம்பெனி மேல போடணுமா, இப்ப ஃபிளைட் ஓட்டப்போற கம்பெனி மேலயா?