லைவ்வெல்: தமிழில் என்ன? (ஞாயிறு காலைக்குள் வேண்டும்)

டாலஸ், திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். இங்கே வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் நிலைக்குப் பாடம் எடுக்கிறேன். "எங்கள் வீட்டுப் பொருள் ஒன்றில் நான் மாற்ற நினைப்பவை" என்று ஒரு பக்கக் கட்டுரை கொடுத்திருந்தேன். எல்லாரும் ஃபிரிட்ஜ், டிவி, கார் என்று எழுத, ஒரு பையன் மட்டும் அப்பாவின் பாஸ் படகைப் பற்றி, அதாவது ஏரியில் பாஸ் மீன் பிடிக்கும் படகைப் பற்றி, எழுதிக்கொண்டு வந்துவிட்டான். 19 அடிப் படகு, பின்னால் 200 குதிரைத்திறன் மோட்டார், சனிக்கிழமை விடிவதற்குள் அப்பாவும் பிள்ளையும் லேக் ஃபோர்க் ஏரியில் இருப்பார்களாம்.

கட்டுரை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. பெரிய மோட்டாரை ஸ்டார்ட் செய்தால் மின்னழுத்தம் இறங்கி மீன்காட்டித் திரை அணைந்து எரிகிறது, தனியாகத் தடித்த கம்பி இழுத்திருக்க வேண்டும் என்கிறான். தரைவிரிப்பில் தூண்டில் முள் மாட்டினால் கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது, ரப்பர் தளம் வேண்டும். தண்ணீரில் விழுந்தால் ஏறுவதற்கு முன்பக்கமும் ஏணி வேண்டும். பேட்டரியைத் தொட இரண்டு இருக்கைகளைக் கழற்ற வேண்டியிருக்கிறது. அதிகம் எழுதியிருப்பது லைவ்வெல் பற்றி, அதாவது பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்கும் தொட்டி பற்றி. அடைப்பானைத் திறந்தாலும் கடைசி இரண்டு அங்குலத் தண்ணீர் வடியாமல் நிற்கிறதாம். அப்பாவின் கை நுழையாத மூலை அது. இவன்தான் பழைய துண்டை உள்ளே விட்டு ஒற்றி ஒற்றிப் பிழிகிறான், அந்தத் துண்டை அம்மா வாஷிங் மெஷினில் போட விடுவதில்லை.

மூன்று சொற்கள் வேண்டும். லைவ்வெல், ட்ரோலிங் மோட்டார் (படகின் முன்னால் இருக்கும் சின்ன மின்மோட்டார்), ஓட்டுபவர் மேல் மாட்டிக்கொள்ளும் அந்தச் சிவப்புக் கயிறு. ஞாயிறு காலை மேடையில் வாசிக்கிறான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாயில் நுழைய வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரை, செவ்வாய் காலை

அம்மா, நல்ல கேள்வி. வெல் என்பது கிணறு. கிணறு, கேணி, கூவல், துரவு என்று நம்மிடம் எத்தனையோ உண்டு. உயிர்க்கேணி என்று வைக்கலாம். மூன்றே அசை, ஓசை நயம் இருக்கிறது, பிள்ளைக்கும் பிடிக்கும்.

பெங்களூரு, செவ்வாய் காலை

ஐயா, உயிர்க்கேணி என்றால் கோயில் தலபுராணம் மாதிரி இருக்கிறது. நாற்றமடிக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கு இவ்வளவு பெருமை வேண்டாம். நான் பதினோரு வருடமாக மென்பொருளைத் தமிழாக்குகிறேன், என் அனுபவத்தில் பயனாளர் தேடுவது அவர் காதில் விழுந்த சொல்லைத்தான். லைவ்வெல் என்றே போடுங்கள். பையன் வீட்டில் அப்படித்தானே சொல்கிறான்?

அப்புறம் பாஸ் மீனுக்கு எங்கள் மொழிபெயர்ப்பு நினைவகத்தில் (முன்பு மொழிபெயர்த்தவற்றின் சேமிப்பு) கொடுவா என்று இருக்கிறது. அதைப் போடலாம்.

தூத்துக்குடி, செவ்வாய் மதியம்

கொடுவா வேண்டவே வேண்டாம். கொடுவா எங்கள் கழிமுகத்தில் கிடைக்கிற மீன், உப்பிலும் வரும் நன்னீரிலும் வரும். டெக்சாஸ் ஏரியில் இருப்பது வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பாஸ் என்று பெயர் விழுந்ததால் மீன் ஒன்றாகிவிடாது.

தொட்டிப் பெயரைப் பற்றி: எங்கள் லாஞ்சுகளில் மீன் ஏறினால் நேரே ஐஸ் பெட்டிதான், அதனால் எங்களிடம் தயாராகச் சொல் இல்லை. சிங்கி இறாலை மட்டும் உயிரோடு கரை சேர்ப்போம், உயிருக்கு ஒரு விலை, செத்ததற்கு ஒரு விலை. முதலில் ஒரு சந்தேகம். இவர்கள் பிடித்த மீனை ஏரியிலேயே விடுவார்களாமே, அப்புறம் தொட்டி எதற்கு?

மதுரை, செவ்வாய் மாலை

கொடுவா என்பது கொடு + வாய், வளைந்த வாய் உடையது. கொடுவாள், கொடுமரம், கோடு எல்லாம் அதே வேர். அமெரிக்க மீனை லார்ஜ்மவுத் பாஸ், அதாவது பெருவாயன், என்கிறார்கள் என்றால், வாயை வைத்தே பெயரிடும் மரபு இரண்டு இடத்திலும் இருப்பது கவனிக்கத்தக்கது. இது பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

(தொடங்கினார். அதில் இதுவரை 31 மடல்கள், கொடுக்காப்புளி வரை போய்விட்டது. அங்கே போகாதீர்கள். – மட்டுறுத்துநர்)

டொராண்டோ, செவ்வாய் இரவு

வணக்கம். மீன் விசயம் தூத்துக்குடி அண்ணை சொன்னது சரி. பெருவாய் பாஸ் சூரியமீன் குடும்பம், கொடுவாவுக்கும் அதுக்கும் சொந்தமில்லை. அறிவியல் பெயரே பிழையில் பிறந்ததுதான். 1802இல் பிரெஞ்சு இயற்கையாளர் லசெபேட் பார்த்த மாதிரி மீனுக்கு முதுகுத் துடுப்பு சிதைந்திருந்தது, பின்னால் தனியாக ஒரு குட்டித் துடுப்பு இருக்கிறதென்று நினைத்து மைக்ரோப்டெரஸ், அதாவது சிறுதுடுப்பன், என்று வைத்துவிட்டார். அந்தப் பெயரோடுதான் இன்றுவரை நீந்துகிறது. நாங்கள் இங்கே ஒற்று மிகுமா மிகாதா என்று அடிபடப் போகிறோம்.

வெல் என்பதைக் கிணறு என்று எடுப்பதும் பிழை. அந்தக் காலத்தில் ஐரோப்பிய மீன்பிடிப் படகுகளில் அடியில் துளை போட்ட ஒரு அறை இருக்கும், கடல் தண்ணீர் வந்து போகும், காட் மீனை உயிரோடு கரைக்குக் கொண்டு வருவார்கள். அந்த அறைக்குத்தான் வெல் என்று பெயர். ஆகவே தாங்கி. உயிர்மீன் தாங்கி. இலங்கையில் நீர்த்தாங்கி, எரிபொருள் தாங்கி என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்கிற சொல்.

டாலஸ், புதன் காலை

தூத்துக்குடி ஐயாவுக்கு: தொட்டி போட்டிக்காக. பையனின் அப்பா சின்னச் சின்னப் போட்டிகளுக்குப் போவார். நாள் முழுக்கப் பிடித்ததில் ஐந்து பெரிய மீன் மட்டும் வைத்திருந்து, மாலையில் எடை போட்டு, உயிரோடு திரும்ப விட வேண்டும். செத்திருந்தால் எடையில் கழிப்பார்கள். முன்பெல்லாம் மீனைக் கயிற்றில் கோத்துக் காட்டுவார்களாம். ரே ஸ்காட் என்பவர் 1967இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் போட்டி நடத்தி, அடுத்த வருடம் சங்கமும் தொடங்கி, 1972இல்தான் பிடித்ததைக் கொல்லாதே என்று கிளம்பினார். அதிலிருந்துதான் பம்பு வைத்த தொட்டி எல்லாப் பாஸ் படகிலும் வந்து உட்கார்ந்தது.

பையனின் அப்பாவுக்கு அதில்தான் குறை. வேகமாகப் போகும்போது பம்பு தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றை இழுக்கிறது, நின்றபிறகும் ஏறுவதில்லை. இவருக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் தண்ணீர் வருகிறதா என்று காட்ட ஒரு விளக்குகூட இல்லை. போன ஆகஸ்டில் மூடியைத் திறந்தபோது ஐந்தில் மூன்று மல்லாந்து கிடந்தன. பையன் அழுதானாம், அதைக் கட்டுரையில் எழுதவில்லை, என்னிடம் சொன்னான்.

பெங்களூரு, புதன் காலை

அப்படியென்றால் ஆக்சிஜன் பிரச்சினை. 20 பாகை செல்சியஸ் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும், 30 பாகையில் ஏழரைதான். ஆகஸ்டில் டெக்சாஸில் கேட்கவே வேண்டாம். தண்ணீர்ப் பாட்டிலை உறைய வைத்து உள்ளே போடச் சொல்லுங்கள்.

மதுரை, புதன் மதியம்

இப்போதுதான் பொருள் துலங்குகிறது. மூச்சுத்தான் அதன் வேலை. ஆகவே உயிர்தொட்டி. ஒற்று மிகாது. உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். உயிர்த்த, உயிர்க்கின்ற, உயிர்க்கும் தொட்டி, ஊறுகாய் போல வினைத்தொகை. ஒற்றுப் போட்டு உயிர்த்தொட்டி என்றால் உயிரினது தொட்டி, வேற்றுமைத்தொகை. ஒரு தகர மெய்யில் எவ்வளவு பொருள் வேறுபாடு பாருங்கள்.

டொராண்டோ அன்பர் கிணற்றை மறுத்தார். தொட்டியே தொடு என்பதிலிருந்து வந்ததுதான், தொடுதல் என்றால் தோண்டுதல், தொட்டனைத் தூறும் மணற்கேணி நினைவிருக்கும். கிணறு தொட்டிக்குள்ளேயே இருக்கிறது.

பெங்களூரு, புதன் மதியம்

கன்னடத்திலும் தொட்டிதான் ஐயா, தெலுங்கிலும். ஆனால் மேடையில் வாசிக்கப் போகிறான், ஒற்று இருக்கிறதா இல்லையா என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

மதுரை, புதன் மாலை

சரியாக உச்சரித்தால் தெரியும்.

தூத்துக்குடி, வியாழன் காலை

நான் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நேற்று மகள் வீட்டிலிருந்து திரும்பும்போது அணைக்கட்டுப் பக்கம் சாலையோரத்தில் ஒரு பலகை. நீல டிரம், ஒரு சின்ன மோட்டார் குமிழி விடுகிறது, உள்ளே கட்லாவும் சிலேபியும். பலகையில் கரியால் "உயிர் மீன் கிடைக்கும்". ஆளிடம் டிரம்மைக் காட்டி இது என்ன என்றேன். உயிர்மீன் தொட்டி சார், வேற என்ன என்றார். சொல் அங்கே கிடக்கிறது, நாம் இங்கே தேடுகிறோம்.

ட்ரோலிங் மோட்டாருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. தூண்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போவதுதான் ட்ரோலிங். பாஸ் படகில் அது நடப்பதேயில்லை, முன்னால் நின்று காலால் மிதித்துப் படகை நகர்த்தவும் நிறுத்தவும்தான் அந்தச் சின்ன மின்மோட்டார். இழுவை என்று வைத்தால் இழுவைப்படகு என்று நினைப்பார்கள். படகின் முன்பக்கத்துக்கு எங்கள் சொல் அணியம், பின்பக்கம் அமரம். அணிய மோட்டார். முடிந்தது.

டாலஸ், வியாழன் காலை

அணிய மோட்டார் அருமை ஐயா! பையனிடம் சொன்னேன், அமரத்தில் இருப்பது அமர மோட்டாரா என்று கேட்டான்.

மதுரை, வியாழன் மாலை

சாலையோரப் பலகையைக் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஆனால் உயிர்மீன் தொட்டி என்று இடம் விட்டு எழுதுவது தப்பித்தல். சேர்த்து எழுதினால் புணர்ச்சி வேண்டும். மீன் என்னும் சொல்லின் னகரம் வேற்றுமையில் றகரத்தோடு உறழும் என்பது நன்னூல். ஆக உயிர்மீற்றொட்டி, அல்லது உயிர்மீன்றொட்டி. இரண்டும் சரி.

பெங்களூரு, வியாழன் மாலை

உயிர்மீற்றொட்டி!! ஐயா, பிள்ளை பாவம். பழையன கழிதலும் அதே நன்னூல்தானே?

டொராண்டோ, வியாழன் இரவு

இதனால்தான் சொல்கிறேன், உயிர்மீன் தாங்கி என்றாலும் அதே பிரச்சினைதான் வரும், ஆனால் தாங்கி நல்ல சொல். தொட்டி என்றால் எங்களுக்கு மாடு தண்ணி குடிக்கிற தொட்டிதான் கண்ணில் வரும்.

கயிற்றைப் பற்றிச் சுருக்கமாக. ஓட்டுபவர் விழுந்தால் கயிறு இழுபட்டு மோட்டார் நிற்கும், நிற்காவிட்டால் படகு வட்டமடித்து விழுந்தவர் மேலேயே வரும். 26 அடிக்குக் குறைந்த படகில் வேகமெடுக்கும்போது மாட்டியே ஆக வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம். நிறுத்துகயிறு போதும்.

மதுரை, வியாழன் இரவு

நிறுத்துகயிறு வினைத்தொகை, ஒற்று மிகவில்லை. நன்று.

டாலஸ், ஞாயிறு இரவு

எல்லாருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன்: உயிர்மீன் தொட்டிக்கு நான்கு பேர் (இரண்டு பேர் தனிமடலில், பெயர் வேண்டாம் என்றார்கள்), தாங்கிக்கு ஒருவர், லைவ்வெல்லுக்கு ஒருவர், உயிர்தொட்டிக்கு ஒருவர்.

காலையில் வாசித்துவிட்டான். நிறுத்துகயிறு சொன்னான், அணிய மோட்டார் சொன்னான். தொட்டி வந்த இடத்தில் கொஞ்சம் தயங்கி, எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு, "மீன் சாகாம இருக்கிற தொட்டி, ஆனா எங்க படகுல சாகுது" என்றான். அரங்கமே சிரித்தது. அவன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கட்டுரையைச் சிறுவர் இதழுக்கு அனுப்பும்போது உயிர்மீன் தொட்டி என்று போட்டிருக்கிறேன்.

மதுரை, திங்கள் காலை

பையனுக்கு என் வாழ்த்து. இதழில் சேர்த்தா, பிரித்தா?

டொராண்டோ, திங்கள் காலை

எங்கள் பக்கம் தாங்கிதான். பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.